வசனத்துக்கு வழிவிடும் இசை

கணினியில் பின்னணி இசை அமைப்பது பற்றி வாசகர் கேள்விகள், ஓர் இசையமைப்பாளரின் பதில்கள்

ஆவணப்படம், குறும்படம், இணையத் தொடர், விளம்பரம் எனப் பல வகைப் படங்களுக்குப் பின்னணி இசை அமைத்துவருபவள் நான். வேலை முழுவதும் கணினியில்தான் நடக்கிறது. தேவைப்படும்போது ஒன்றிரண்டு கலைஞர்களை அழைத்து வாசிக்கச் சொல்வேன். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மென்பொருளைப் பற்றியவை. படித்துக்கொண்டே போனால், அவற்றில் பாதிக்கு விடை படத்துக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. அதனால் சில பதில்கள் கேள்வியைத் தாண்டிப் போயிருக்கின்றன.

கேள்வி: ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். மூன்றைச் சோதனைப் பதிப்பில் பார்த்துவிட்டேன். முடிவுக்கு வர முடியவில்லை. படத்துக்கு இசையமைக்க எது சிறந்தது?

பதில்: தனிப்பாடல் அமைக்க எந்த மென்பொருளும் போதும். படத்துக்கு என்றால் சில வசதிகள் கட்டாயம் வேண்டும். வீடியோவைத் திறந்து இசையோடு சேர்த்து ஓட்ட வேண்டும். மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று டைம்கோடைக் காட்ட வேண்டும். டெம்போவை, அதாவது இசையின் வேகத்தை, தசமப் புள்ளியோடு மாற்றவும், நடுவில் வேகம் கூட்டிக் குறைக்கவும் தனி டிராக் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மார்க்கரை நேரத்தோடு பூட்டிவைக்கும் வசதி. டெம்போவை மாற்றினால் சுரங்கள் நகரலாம். ‘இங்கே கதவு திறக்கிறது’ என்று நீங்கள் வைத்த குறி நகரக் கூடாது.

கியூபேஸ், லாஜிக் புரோ, டிஜிட்டல் பெர்ஃபார்மர், புரோ டூல்ஸ், ரீப்பர் ஆகிய ஐந்திலும் படத்துக்கு இசையமைக்கலாம். லாஜிக் ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓடும். ரீப்பர் பழைய கணினியிலும் சுமையில்லாமல் ஓடும். வசனத்தையும் இசையையும் மற்ற ஒலிகளையும் சேர்க்கும் கலவைக் கூடங்களில் புரோ டூல்ஸ் அதிகம் புழங்குகிறது. ஆனால் நீங்கள் ஒலிக் கோப்புகளாகத்தான் கொடுக்கப்போகிறீர்கள், அதனால் அவர்கள் வைத்திருப்பதையே நீங்களும் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மூன்றையும் சோதித்தீர்கள் என்கிறீர்கள். எப்படிச் சோதித்தீர்கள்? வசனம் உள்ள ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, அதே காட்சிக்கு மூன்றிலும் இசையமைத்துப் பாருங்கள். எதில் உங்கள் கண் படத்தின் மேல் அதிக நேரம் இருந்ததோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சில ஆண்டுகளுக்கு மாற்றாதீர்கள்.

கேள்வி: என் குறும்படத்தில் சரியாக 37.5ஆவது விநாடியில் ஒரு கதவு திறக்கிறது. அங்கே இசை உச்சத்தைத் தொட வேண்டும். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் அமைத்திருக்கிறேன். கதவு திறப்பதற்குச் சற்று முன்பே உச்சம் வந்துவிடுகிறது. ஒலிக் கோப்பை வெட்டித் தள்ளிவைத்தால் ஒட்டு தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: வெட்டாதீர்கள். கணக்குப் போடுங்கள்.

நிமிடத்துக்கு 90 தட்டு என்றால், ஒரு தட்டு ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. நான்கு தட்டுகள் கொண்ட சுற்று ஒன்றை மென்பொருள் ஒரு ‘பார்’ என்று காட்டும். 14 சுற்றுகள், அதாவது 56 தட்டுகள் முடிந்து அடுத்த சுற்றின் முதல் தட்டு 37.33ஆவது விநாடியில் விழுகிறது. கதவு திறப்பது 37.5இல். இடைவெளி விநாடியில் ஆறில் ஒரு பங்கு. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 4 ஃபிரேம். உங்கள் காது பிடித்தது இந்த 4 ஃபிரேமைத்தான். நல்ல காது.

இப்போது தலைகீழாகப் போடுங்கள். 56 தட்டுகளை 60ஆல் பெருக்கி 37.5ஆல் வகுத்தால் 89.6 வருகிறது. டெம்போவை 90இலிருந்து 89.6ஆக மாற்றினால் முதல் தட்டு கதவின் மேலேயே போய் விழும். இந்த மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. இதற்காகத்தான் டெம்போவில் தசமப் புள்ளி வேண்டும் என்று மேலே சொன்னேன்.

இது கணினி கண்டுபிடித்த வித்தை இல்லை. பேசும் படம் தொடங்கிய காலத்திலேயே, ஒலிப் பிலிமில் குறிப்பிட்ட ஃபிரேமுக்கு ஒரு துளை என்று போட்டு, அது எழுப்பும் ‘டிக்’ ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டபடி இசைக்குழுவை நடத்தினார்கள். அதனால் அவர்கள் வேகத்தை ஃபிரேமில் எண்ணினார்கள். நீங்களும் எண்ணிப் பழகுங்கள்: 24 ஃபிரேம் படத்தில் 1440ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று தெரிந்துவிடும். 120க்கு 12 ஃபிரேம், 96க்கு 15, 90க்கு 16. படத்தொகுப்பாளரோடு பேசும்போது இந்த எண்ணிக்கை மிகவும் உதவும். அவர் தட்டில் யோசிப்பதில்லை, ஃபிரேமில் யோசிக்கிறார்.

இன்னொன்று. உச்சம் கதவின் மேல் துல்லியமாக விழுந்ததும் ஒரு முறை பாருங்கள். பிறகு இசையை ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளியும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. கண் பார்த்த பிறகு இசை வந்தால், பாத்திரம் உணர்ந்ததை இசை சொல்வதாக இருக்கும். இசை முந்திக்கொண்டால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். திகில் படத்தில் அப்படிக் காட்டிக்கொடுப்பது தேவைப்படலாம். உங்கள் கதை என்ன கேட்கிறது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாக் கதவுக்கும் உச்சம் வேண்டுமா என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் அமைத்த இசை தனியாகக் கேட்கும்போது நன்றாக இருக்கிறது. படத்தோடு சேர்த்தால், வசனம் கேட்கவில்லை என்று இயக்குநர் சொல்கிறார். இசையின் ஒலியைக் குறைத்துக் கொடுத்தேன். இப்போது இசையே கேட்கவில்லை என்கிறார். ஈக்வலைசரில் ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு மிக முக்கியமானதாகப் பட்டது இதுதான். அதனால் விரிவாக எழுதுகிறேன்.

பேச்சின் பலம் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது; பேச்சின் பொருள் பெரும்பாலும் மெய்யொலிகளில் இருக்கிறது. ‘ப’வையும் ‘த’வையும் ‘க’வையும் வேறுபடுத்திக் காட்டும் அந்தச் சிறு வெடிப்புகளும் உரசல்களும் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல், குறிப்பாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அடர்ந்திருக்கின்றன. வயலின்கள் மேல் ஸ்தாயியில் பாடும்போதும், பித்தளைக் கருவிகள் முழங்கும்போதும், சிம்பல் ஒலிக்கும்போதும் அதே பகுதிதான் நிரம்புகிறது. அதனால் பேசுவது காதில் விழுகிறது, என்ன பேசினார்கள் என்று புரிவதில்லை. ஒலியளவைக் குறைத்தால் மோதல் சிறியதாகிறதே தவிர, மோதல் மறைவதில்லை.

ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்கலாம். வசனம் வரும்போது மட்டும் இசை தானாக இறங்கும்படி கம்ப்ரெஸரைச் சைட்செயின் முறையில் இணைக்கலாம். இரண்டும் உதவும். ஆனால் அவை இசை எழுதி முடித்த பிறகு செய்யும் வைத்தியம். நான் சொல்லவருவது அதற்கு முந்தைய கட்டத்தை.

வசன டிராக்கைத் தனியாகக் கேட்டு வாங்கி, உங்கள் கோப்பில் முதல் டிராக்காக வையுங்கள். படத்தோடு கலந்த ஒலி போதாது. வசனம் மட்டும் வேண்டும். எந்தக் கருவியையும் தொடும் முன் அதை ஓடவிட்டு, வாக்கியம் எங்கே முடிகிறது, பேசுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார், யார் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று மார்க்கர் வையுங்கள். வைத்து முடித்ததும் திரையைப் பாருங்கள். இசைக்குரிய இடங்கள் கண்ணுக்குத் தெரியும். மெட்டின் அசைவு அந்த இடைவெளிகளில் நடக்கட்டும். பேச்சு நடக்கும்போது ஒரு சுரம் நீண்டு நிற்கட்டும், அல்லது எதுவும் இல்லாமல் இருக்கட்டும். அசையும் மெட்டு காதை இழுக்கும். நிற்கும் சுரம் பேச்சுக்குப் பின்னால் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

ஸ்தாயியையும் பாருங்கள். ஆண் குரலின் அடிப்படைச் சுருதி 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, பெண் குரலுடையது 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். தாழ்ந்த குரலில் ஓர் ஆண் பேசிக்கொண்டிருக்கும்போது செல்லோவை அதே உயரத்தில் ஓடவிட்டால் இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார முயல்வதுபோல் ஆகிவிடும். செல்லோவை விட்டுவிட்டு டபுள் பாஸின் நீண்ட சுரம் ஒன்றையும், மேலே மிக மென்மையான ஒரு ஹார்மோனிக்கையும் வைத்தால், நடுவில் குரலுக்கு அகலமான இடம் கிடைக்கும்.

இதெல்லாம் செய்தால் இசையின் ஒலியைக் குறைக்க வேண்டிய அவசியமே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைத்த பிறகும் இசை உயிரோடு இருக்கும். இசை தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் காலியாகத் தோன்றலாம். அந்தக் காலியிடம்தான் நடிகருடையது. தனியாகக் கேட்கும்போதே முழுமையாக நிறைந்து நிற்கும் பின்னணி இசையைப் பற்றி எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

கேள்வி: விலை உயர்ந்த வயலின் சாம்பிள்கள் வாங்கியும் என் வயலின் பகுதி இயந்திரம் வாசிப்பதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: விசையைத் தட்டும் வேகத்துக்கு வெலாசிட்டி என்று பெயர். பியானோவுக்கு அது பொருந்தும். தட்டிய பிறகு பியானோக் கலைஞரால் அந்தச் சுரத்தைப் பெரிதாக்க முடியாது. வயலினில் ஒரே வில்லிழுப்பில் ஒலி வளர்ந்து தேய்கிறது. நீங்கள் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறீர்கள். பெரும்பாலான வயலின் சாம்பிள்களில், அதாவது உண்மையான வயலினிலிருந்து பதிவு செய்த ஒலித் துண்டுகளில், நீண்ட சுரத்தின் உணர்ச்சி, கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியின் முதல் கண்ட்ரோலரான மாடுலேஷன் சக்கரத்தில் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஒலியளவு மட்டுமல்ல, ஒலியின் நிறமே மாறும். மென்மையாக வாசித்த சாம்பிளிலிருந்து அழுத்தி வாசித்த சாம்பிளுக்குக் கலந்து போகும். 11ஆவது கண்ட்ரோலரான எக்ஸ்பிரஷன் ஒலியளவை மட்டும் நுணுக்கமாக ஏற்றி இறக்கும். வலக்கை சுரத்தை வாசிக்க, இடக்கை இந்த இரண்டையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மவுஸால் கோடு வரைவதைவிட இது பல மடங்கு நன்றாக வரும், ஏனென்றால் அப்போது நீங்கள் கேட்டுக்கொண்டே நகர்த்துகிறீர்கள்.

அடுத்து, பத்து விரல்களாலும் ஒரு கார்டை அழுத்தி அதை ‘ஸ்டிரிங்ஸ்’ என்று ஒரே டிராக்கில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, பாஸ் எனப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் தனியாக, முழுவதுமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வருவார்கள். அந்தச் சிதறலைக் குவான்டைஸ் போட்டு நேராக்கிவிடாதீர்கள். வயலினின் மிகக் கீழான சுரம் 196 ஹெர்ட்ஸ் ஜி. அதற்குக் கீழே வயலினுக்கு எழுதினால், மென்பொருள் அனுமதித்தாலும் காது நம்பாது.

வயலின் வாசிக்கும் தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். நான் கணினியில் எழுதிய வரியை அவளிடம் பாடிக் காட்டுவேன். ‘இங்கே வில்லைத் திருப்ப நேரமே தரவில்லையே’ என்பாள். அவளுக்கு நேரம் தரும்படி மாற்றி எழுதியதும் சாம்பிளிலும் அந்த வரி நன்றாகிவிடும். எழுதுவது கணினிக்காக என்றாலும், வாசிக்கும் கையை மனத்தில் வைத்தே எழுத வேண்டும். முடிந்தால், மொத்த சாம்பிள் வயலின்களுக்கு மேல் ஒரே ஒரு உண்மையான வயலினைப் பதிவு செய்து சேர்த்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் சாம்பிள்கள் எல்லாமே உயிர் பெற்றதுபோல் ஆகும்.

கேள்வி: கீபோர்டில் விசையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஒலி வருகிறது. கணினியை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பஃபர் அளவைப் பாருங்கள்; ஒலியை வெளியே அனுப்பும் முன் கணினி ஒரே தடவையில் சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை அது. விநாடிக்கு 48,000 மாதிரி என்ற வீதத்தில் 1024 என்று வைத்திருந்தால், பஃபருக்கு மட்டும் 21 மில்லி விநாடி தாமதம். 128 ஆக்கினால் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. வாசித்துப் பதிவு செய்யும்போது குறைவாகவும், கலவை செய்யும்போது அதிகமாகவும் வையுங்கள். விண்டோஸ் கணினியாக இருந்தால் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு உரிய, தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரை நிறுவுங்கள்.

கேள்வி: இயக்குநர் புகழ்பெற்ற ஒரு படத்தின் இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் படத்தைத் தொகுத்திருக்கிறார். ‘இதே மாதிரி வேண்டும்’ என்கிறார். காப்பியடிக்க எனக்கு மனமில்லை. வேறு மாதிரி செய்தால் அவருக்குப் பிடிக்கவில்லை.

பதில்: அவரைக் குறை சொல்ல முடியாது. தொகுப்பு அறையில் அந்த இசையோடு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார். காட்சியும் இசையும் அவர் மனத்தில் ஒட்டிவிட்டன. 1968இல் வந்த ‘2001: அ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசையமைத்தார். தொகுக்கும்போது இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தற்காலிகமாகச் சேர்த்துவைத்திருந்த, ஏற்கெனவே பதிவான செவ்வியல் இசைத் துண்டுகளே கடைசியில் படத்தில் நின்றுவிட்டன. தன் இசை படத்தில் இல்லை என்பது, படம் திரையிடப்பட்டபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய இசையமைப்பாளருக்கே இது நடந்திருக்கிறது.

எனவே அந்தத் தற்காலிக இசையோடு சண்டை போடாமல், அதை விசாரியுங்கள். ‘இதில் உங்களுக்குப் பிடித்தது எது?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘உணர்வு’ என்பார்; அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. காட்சியை ஓடவிட்டு, ‘இந்த இடத்தில் டிரம் நின்றுவிடுகிறதே, அது பிடித்ததா? மெட்டு வராமல் வெறும் தாளம் மட்டும் போகிறதே, அதுவா? இவர் திரும்பிப் பார்க்கும்போது ஸ்வரம் மாறுகிறதே, அதுவா?’ என்று துண்டுதுண்டாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் விடை பெரும்பாலும் மெட்டாக இருப்பதில்லை. வேகமாக இருக்கும், அடர்த்தியாக இருக்கும், இசை நுழையும் அல்லது விலகும் இடமாக இருக்கும். இவை யாருடைய சொத்தும் இல்லை. அவற்றை எடுத்துக்கொண்டு மெட்டையும் சுருதியையும் கருவிகளையும் நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஒரு வேண்டுகோள் வையுங்கள்: உங்கள் இசையைக் கேட்கும் முன், எந்த இசையும் இல்லாமல் ஒரு முறை காட்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு அவர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய செவ்வியல் இசையை அப்படியே போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இயற்றியவரின் உரிமைக் காலம் முடிந்திருக்கலாம். நீங்கள் இறக்கிய அந்த ஒலிப்பதிவுக்கு வேறு உரிமையாளர் இருக்கலாம். இயற்றியதற்கு ஓர் உரிமை, பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கீபோர்டில் கமகம் வருவதில்லை. சுரங்கள் படிக்கட்டுபோல் நிற்கின்றன. வழி உண்டா?

பதில்: உண்டு. பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பயன்படுத்துங்கள். மிடியின் சாதாரண கண்ட்ரோலர்களுக்கு 128 படிகள்தான். பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள், அதனால் வளைவு வழுவழுப்பாக இருக்கும். பெரும்பாலான கருவிகளில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே போகும்படி வைத்திருப்பார்கள். கருவியின் அமைப்பில் அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: ஒரே சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும். தம்பூராவுக்கும் மெட்டுக்கும் ஒரே டிராக் வைக்காதீர்கள். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சேனல் கிடைக்கிறது. ஒரு விரல் அசைய, மற்றது அசையாமல் நிற்கும். அதற்கு ஏற்ற கீபோர்டும் கருவியும் வேண்டும்.

இருந்தாலும் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் வாயால் பாடிப் பதிவு செய்துகொள்வேன். அந்தப் பதிவை ஒரு காதில் கேட்டுக்கொண்டே சக்கரத்தைத் திருப்புவேன். குரல் போகும் வழியில் கை தானாகப் போகும்.

கேள்வி: இசைக் குறியீடு படிக்கத் தெரியாமல் இந்தத் துறைக்கு வரலாமா?

பதில்: வரலாம். சாம்பிள்களை மட்டும் வைத்து வேலை செய்யும்வரை அது தடையாக இராது. ஒரு செல்லோக் கலைஞரை அழைத்து அவர் முன் காகிதம் வைக்க வேண்டிய நாளில் தேவைப்படும். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே எழுதிக் கேட்டுப் பழகலாம்.

கேள்வி: இரவு, ஒரு மருத்துவமனை நடைபாதை, ஒருவர் தனியாகக் காத்திருக்கிறார். வசனமே இல்லை. அடியில் ஒரு நீண்ட சின்தசைசர் ஒலி வைத்தேன். ஏதோ உறுத்துகிறது, என்னவென்று தெரியவில்லை.

பதில்: காட்சியின் சூழல் ஒலியைக் கேளுங்கள். விளக்கு, குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி என்று ஏதோ ஒன்று அங்கே முனகிக்கொண்டிருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் அந்த முனகல் பெரும்பாலும் 50இலும் 100இலும் நிற்கும். 98 ஹெர்ட்ஸ் என்பது ஜி சுரம். 100 அதைவிடச் சற்றே மேலே, எந்த விசையிலும் இல்லாத இடத்தில் இருக்கிறது. உங்கள் சின்தசைசர் சுரம் அதோடு உரசினால், காரணம் தெரியாத ஓர் எரிச்சல் காதில் தங்கும்.

வழி இரண்டு. ஒலி வடிவமைப்பாளரிடம் பேசி முனகலை அகற்றச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது மற்றது: முனகலையே உங்கள் ஆதார சுருதியாக எடுத்துக்கொண்டு, சின்தசைசரை ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தி, அதே இடத்தில் நிறுத்துங்கள். இசை எப்போது தொடங்கியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நடைபாதையே மெல்ல இசையாக மாறியதுபோல் இருக்கும். காத்திருப்பவர் எழும்போது அதிலிருந்து ஒரு பியானோ சுரம் பிறக்கட்டும். அலெக்ஸ் நார்த்தை ஒதுக்கிய இயக்குநரைப் போன்றவர்கள்கூட இப்படிப் படத்துக்குள்ளிருந்து முளைக்கும் இசையை எளிதில் தூக்கிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ‘சோகமான இசை’ என்று எழுதினால் உடனே தருகிறது. நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியது ‘சோகமான இசை’. உங்கள் காட்சியில் இருப்பது யாருடைய சோகம்? அவர் அதை வெளியே காட்டுகிறாரா, மறைக்கிறாரா? மறைக்கிறார் என்றால், அழும் இசை அவருடைய நடிப்பைக் கெடுத்துவிடும். இயக்குநர் அடுத்த நாள் வந்து, ‘இவர் கண்ணாடியைக் கழற்றும்வரை செல்லோ வேண்டாம், கழற்றியதும் வரட்டும், ஆனால் ஒரே ஒரு சுரம்’ என்பார். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அது காட்சியைப் பார்த்து யோசித்தவரால்தான் முடியும். உரிமை பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு வேறாக, இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மென்பொருளின் நிபந்தனைகளைப் படிக்காமல் படத்தில் சேர்க்காதீர்கள். இயக்குநரிடமும் மறைக்காதீர்கள்.

கேள்வி: முடித்த இசையை எந்த வடிவத்தில் கொடுப்பது? ஒலி அளவு மைனஸ் 23 இருக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. 44,100 என்பது குறுந்தகட்டின் அளவு; படத்துக்கு அதில் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கோப்பும் படத்தின் எந்த டைம்கோடில் தொடங்குகிறது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். முழுக் கலவையோடு, தாளம், தந்திக் கருவிகள், சின்தசைசர், தனி மெட்டு என்று பிரித்த ஸ்டெம்களையும் கொடுங்கள். வசனத்தோடு மோதும்போது கலவைப் பொறியாளர் மொத்த இசையையும் இறக்காமல், தொந்தரவு செய்யும் ஒரு கருவியை மட்டும் இறக்க அது வழிசெய்யும். எல்லா ஸ்டெம்களையும் சேர்த்து ஓட்டினால் முழுக் கலவை அப்படியே கிடைக்கிறதா என்று சோதித்துவிட்டு அனுப்புங்கள்.

மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் ஒலியளவின் அலகு) என்பது ஐரோப்பிய ஒளிபரப்புக் கூட்டமைப்பு 2010இல் கொண்டுவந்த அளவு. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியின் மொத்த ஒலிக்கு, அதாவது வசனம், சூழல் ஒலி, இசை எல்லாம் சேர்ந்ததற்கு உரியது. உங்கள் இசைக்கு மட்டும் அந்த எண்ணைப் பிடிக்க வேண்டியதில்லை. இணையத் தளங்களுக்கு வேறு அளவுகள் உண்டு. அதைக் கலவைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் மாஸ்டர் டிராக்கில், ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு இசையை நெரிக்காமல் கொடுத்தால் போதும்.

கேள்வி: படம் பூட்டப்பட்டது, இனித் தொகுப்பில் மாற்றம் இல்லை என்று சொன்னார்கள். இசையை முடித்த பிறகு, ஒரு காட்சியில் 40 ஃபிரேம் குறைத்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பிறகு எல்லாமே தள்ளிப்போகிறது. மொத்த இசையையும் கொஞ்சம் வேகப்படுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாக வேகப்படுத்தினால், வெட்டுக்கு முன்னால் சரியாக இருந்த இடங்களும் கெடும்.

உங்கள் டெம்போ 96 என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 24 ஃபிரேம் படம். ஒரு தட்டுக்கு 15 ஃபிரேம். 40 ஃபிரேம் என்பது இரண்டு தட்டும் கூடுதலாக 10 ஃபிரேமும். வெட்டு நடந்த இடத்துக்கு அருகில், மெட்டு மூச்சு வாங்கும் ஒரு சுற்றைத் தேடுங்கள். அந்தச் சுற்றில் நான்கு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு மட்டும் வையுங்கள். 30 ஃபிரேம் போய்விட்டது. மீதி 10 ஃபிரேமை அதற்கு அடுத்த எட்டுச் சுற்றுகளில் பரப்புங்கள். அந்த 32 தட்டுகளுக்கு முன்பு 480 ஃபிரேம் ஆனது, இனி 470 ஆக வேண்டும்: டெம்போவை 96இலிருந்து 98க்குச் சற்று மேலே, சரியாகச் சொன்னால் 98.04க்கு ஏற்றுங்கள். எட்டாவது சுற்று முடிந்ததும் 96க்குத் திரும்புங்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாம் பழையபடி தன் இடத்தில் நிற்கும். உண்மையான கலைஞர்களைப் பதிவு செய்த டிராக்குகள் அந்த எட்டுச் சுற்றுகளில் இருந்தால், அவற்றை மென்பொருள் இழுத்துச் சுருக்கும்போது உன்னிப்பாகக் கேளுங்கள். இரண்டு சதவீத மாற்றத்தைப் பெரும்பாலும் தாங்கும், வயலினின் அதிர்வில் மட்டும் சில சமயம் தெரியும்.

இனி வரும் படங்களுக்கு, படத்தொகுப்பாளரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: டைம்கோடும் பதிப்பு எண்ணும் திரையிலேயே பதிந்திருக்கும் கோப்பு, படம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு விநாடிக்கு முன் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ‘பீப்’ ஒலி, மாற்றம் வந்தால் எந்த டைம்கோடில் எத்தனை ஃபிரேம் கூடியது அல்லது குறைந்தது என்ற பட்டியல். பட்டியல் தர நேரமில்லை என்று சொன்னால், பழைய பதிப்பின் வசன டிராக்கையும் புதிய பதிப்பின் வசன டிராக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அலைவடிவம் எங்கே விலகுகிறதோ, வெட்டு அங்கேதான்.